சிவப்புப் பாசி படர்ந்த மாதங்கள்

முதன்முதலில் பார்த்தபோது அதை அழகு என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோளில் தொங்கும் பையைக்கூட இறக்காமல் தொட்டியின் முன்னால் போய் நிற்பது என் வழக்கம். அன்றைக்கு வெள்ளை மணலின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. நாவல்பழம் நசுங்கிய இடம் போல ஒரு நிறம். அதன் மேலெல்லாம் கடுகு கடுகாகக் காற்றுக் குமிழ்கள். நீல விளக்கில் அவை ஒவ்வொன்றும் மினுங்கின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குமிழ் பிரிந்து, ஆடி ஆடி மேலே போய், நீர்ப்பரப்பில் உடைந்தது. அது உடைந்த பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வீடு நல்லம்பள்ளியில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போவதென்றால் ஒரு பகல் முழுக்கப் பயணம். அப்படி ஒருமுறை ஆசிரியர்களோடு ராமேஸ்வரம் பக்கம் போனபோது, அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றினார்கள். மற்றவர்கள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்துவிட்டார்கள். எனக்கு நிமிர முடியவில்லை. காலுக்குக் கீழே ஒரு காடு, அதில் காற்று இல்லாமலே எல்லாம் அசைந்துகொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்த அசைவு வந்து கண்ணுக்குள் நிற்கும். இரண்டு வருடம் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெங்களூருவில் இருக்கும் ஒரு கடைக்காரரின் உதவியோடு, கூடத்தில் நாலடி நீளத் தொட்டி ஒன்றை வைத்தேன். கடலில் உடைத்தெடுத்தது எதுவும் வேண்டாம், தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த மென்பவளத் துண்டுகள் மட்டும் போதும் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அதில் பொத்தான் பொத்தானாகப் பூத்த பவளம் ஒன்று, தோல் மாதிரி மடிந்து கிடக்கும் ஒன்று, அப்புறம் சின்னச் சின்னக் கைகளை ஓயாமல் மூடித் திறந்துகொண்டே இருக்கும் ஒன்று. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி. பாறைப் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டும் பழுப்பு மீன் ஒன்று. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பிள்ளைகளின் பல்லையே பழுப்பாக்கிவிடும். அதனால் வடிகட்டிய தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துத்தான் ஊற்றுவேன். உப்பு கரையும் நாளில் வீடு முழுக்க லேசாக ஒரு வாசனை வரும். ஜன்னலுக்கு வெளியே கேழ்வரகுக் காடு, உள்ளே கடல் வாசனை. அந்தச் சனிக்கிழமைகளில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது.

அப்பா என்னோடு இருந்தார். பாலக்கோடு பக்கம் எங்கள் நிலம். ஆயுசு முழுக்கத் தக்காளி போட்டவர். அம்மா இறந்த பிறகு நிலத்தைச் சித்தப்பா மகனிடம் ஒப்படைத்துவிட்டு என்னிடம் வந்துவிட்டார். வந்த முதல் வாரம் தொட்டியை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார். இரண்டாவது வாரம் நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பகலில் நான் இல்லாதபோது மீன்களுக்குத் தீனி போடுவதை அவரிடம் விட்டேன். நடுப்பகலில் ஒரு தடவை, இரண்டு விரலில் எடுக்கும் அளவு. மருந்தடிக்கும்போது மூடியால் அளந்து ஊற்றிப் பழகிய கை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சிவப்பு பத்தே நாளில் மணலில் பாதியை மூடியது.

அது பாசியே இல்லை. பாக்டீரியா. பாடப்புத்தகத்தில் நீலப்பசும்பாசி என்று போட்டிருக்கும், சயனோபாக்டீரியா என்றும் இருக்கும். வருடா வருடம் பதினொன்றாம் வகுப்பில் நான்தான் நடத்துகிறேன். உலகத்தில் முதன்முதலாகச் சூரிய ஒளியைத் தின்று மூச்சுக்காற்றை வெளியே விட்டது இதுதான், நாமெல்லாம் மூச்சு விடுவது இதனால்தான் என்று சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து பார்க்கும். அதே உயிர் என் கூடத்தில் சிவப்புப் போர்வையாக விரிந்து, பவளத்தின் அடிக்காம்பைச் சுற்றிக்கொண்டு, அதை மூச்சுமுட்ட வைத்தது. மூடித் திறக்கும் கைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. மீன்கள் மணலுக்கு இறங்குவதை விட்டுவிட்டன.

கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். அவர் கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"டீச்சர், இது சாப்பாடு ஜாஸ்தி ஆனா வர்றது. தண்ணியில சத்து ஜாஸ்தி. தீனி எவ்ளோ போடறீங்க?"

"ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைதாங்க."

"அப்ப சாப்பாடு இல்லை. தண்ணி ஓட்டம் கம்மியா இருக்கும். இல்லாட்டி வடிகட்டி பழசாயிருக்கும். மருந்து ஊத்தாதீங்க, நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துப்போகும். குழாய் வெச்சு உறிஞ்சி எடுங்க, பொறுமையா."

பொறுமையாகவே செய்தேன். மெல்லிய குழாயின் ஒரு முனையை மணலுக்கு மேலே பிடித்தால், சிவப்பு ஓரத்திலிருந்து சுருண்டு, துணி கிழிவதுபோல் கிழிந்து, குழாய்க்குள் ஓடி மறையும். மறு முனை வாளியில். அப்பா வாளிப் பக்கம் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொள்வார். மடை மாற்றும்போது பிடிப்பதுபோல் கட்டைவிரலால் லேசாக அழுத்தி வேகத்தைக் குறைப்பார், கூட்டுவார். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் இருக்கும். வாளியில் சேரும் தண்ணீர் குளத்தடிச் சேறு போல நாறும்.

வடிகட்டியின் உள்பாகத்தை மாற்றினேன். அலை எழுப்பும் விசிறி ஒன்றைக் கூடுதலாக வைத்தேன். பாறைகளை நகர்த்தி, ஓட்டம் போகாத மூலைகளைத் திறந்துவிட்டேன். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினேன். சனிக்கிழமை மாலை வெள்ளையாக இருக்கும் மணல், புதன்கிழமை மறுபடி சிவந்துவிடும்.

கடைசியில் கடைக்காரர் இருட்டடிப்புச் சொன்னார். மூன்று நாள் தொட்டிக்குள் துளி வெளிச்சம் போகக்கூடாது. ஒளி இல்லாவிட்டால் அது பட்டினி கிடந்து மெலியும், பவளம் தாங்கிக்கொள்ளும். காலாண்டு விடுமுறையில் அதைச் செய்தேன். விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் எடுத்துத் தொட்டியைச் சுற்றி மூடி, கயிற்றால் கட்டினேன். உள்ளே மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அப்பா அந்த மூன்று நாளும் நிலைகொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவார், எழுவார்.

"இதுக்குள்ள என்னா பாப்பா இருக்குது?"

"மீன் தொட்டிங்கப்பா. பாசி போறதுக்காக மூடி வெச்சிருக்குது."

"அப்படியா. சரி சரி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து கம்பளியை விரலால் தொட்டுப் பார்ப்பார். "யாருக்கு ஒடம்பு சரியில்ல? இப்படிப் போத்தி வெச்சிருக்கீங்க?" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்தது இப்போதும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நாலாம் நாள் காலையில் கம்பளியைப் பிரித்தபோது மணல் பால் போல் இருந்தது. விளக்கைப் போட்டதும் பவளங்கள் தூக்கத்திலிருந்து எழுவதுபோல் மெதுவாக விரிந்தன. முதல் கை திறந்தது, பிறகு அதன் பக்கத்துக் கை. நான் தரையில் உட்கார்ந்து மதியம்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். விடுமுறையில் மீதியிருந்த நாட்களிலும் மணல் அப்படியே இருந்தது. மீனுக்கு நானே தீனி போட்டேன்.

பள்ளி திறந்தது. பத்து நாளில் சிவப்பு திரும்பி வந்தது.

அந்த வாரம்தான் தீனி டப்பாவைக் கவனித்தேன். ஆறு மாதத்துக்கு வரவேண்டிய டப்பா. ஐந்து வாரம்கூட ஆகவில்லை, தட்டினால் அடியில் பொடிதான் கொட்டியது. அலமாரியின் பின்னால் இன்னொரு காலி டப்பாவும் கிடந்தது. அதையும் நான் காலி செய்திருக்கவில்லை.

பகலில் வீட்டில் இரண்டு பேர்தான். அப்பா, அப்புறம் வீட்டுவேலைக்கு வரும் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பென்னாகரம் போகும் சாலையில் உள்ள ஒரு சின்ன ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார், சமைத்து, கூட்டிப் பெருக்கி, அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மாலை பஸ்ஸில் போவார். அம்மா இருந்த காலத்திலிருந்து பழக்கம். அன்றைக்கு நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க தொட்டிக்குள்ள தீனி ஏதாச்சும் போடறீங்களா?"

கையை நிறுத்தினார். "நான் எதுக்கு டீச்சர் போடறேன்?"

"டப்பா காலியா கெடக்குது. மீன் ஓடி வர்றது பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதனாலதான் இந்தப் பாசியே வருது. மூணு மாசமா நான் படற பாட்டைப் பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

அவர் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்பா நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"நான் இல்லாதப்போ உங்கள நம்பித்தானே வூட்டையே விட்டுட்டுப் போறேன்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வகுப்பில் வரும் குரல் அது.

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "சரிங்க டீச்சர். இனிமேட்டு அப்படி நடக்காது," என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

தப்பு செய்தவர் முகத்தைக் காட்ட முடியாமல் இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். புது டப்பா வாங்கி அலமாரியில் வைத்தேன். சமையலைக் காலையிலேயே முடித்து, அப்பாவுக்கு மேஜையில் மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் சிவப்பு குறையவில்லை, இன்னும் பரவியிருந்தது. அக்காவும் வருவதில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்தது. எலும்பெல்லாம் வலிக்கும் காய்ச்சல். லீவு சொல்லிவிட்டு, குளிர்ச்சியாக இருக்கும் என்று கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. தொட்டியின் நீல வெளிச்சம் கூரையில் அலையலையாக ஓடியது. நான் தண்ணீருக்கு அடியில் படுத்திருக்கிறேன், மேலே எங்கேயோ பரப்பு அசைகிறது என்று தோன்றியது. மாத்திரை போட்டதால் கண் செருகிச் செருகிப் போனது.

அப்பா வந்தார். அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தார். இரண்டு விரலில் எடுத்துத் தண்ணீரில் தூவினார். "வாங்க சாமி, வாங்க. பசிக்குதா?" என்றார். மீன்கள் மேலே வந்தன. டப்பாவை மூடி வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். திரும்பும்போது என்னைப் பார்த்து நின்றார்.

"என்னா பாப்பா, ஸ்கூலுக்குப் போகலையா?"

"காய்ச்சலுங்கப்பா."

குனிந்து நெற்றியில் கை வைத்தார். "அடடா, சுடுதே," என்றார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் தூங்கிப்போனேன். கண்ணைத் திறந்தபோது அப்பா அலமாரியின் முன்னால் நின்றிருந்தார். "பாவம், வாயில்லாத ஜீவன்," என்று சொல்லிக்கொண்டே டப்பாவை எடுத்தார். இரண்டு விரல். "வாங்க சாமி, வாங்க. பசிக்குதா?" துண்டில் கையைத் துடைத்தார். திரும்பினார்.

"என்னா பாப்பா, ஸ்கூலுக்குப் போகலையா?"

முன்பு கண்ட கனவே திரும்ப வருகிறது என்று நினைத்தேன். காய்ச்சலில் அப்படி வரும். "காய்ச்சலுங்கப்பா," என்றேன். நெற்றியில் கை வந்தது. "அடடா, சுடுதே." தண்ணீர் வந்தது. குடித்தேன். கூரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது என் தலைமாட்டில் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றில் பாதித் தண்ணீர், இன்னொன்று காலி. அவர் மூன்றாவதைக் கொண்டுவந்து அவற்றின் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் எனக்கு முழுசாக விழிப்பு வந்தது. வெயில் ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. முன்பு பாயின் ஓரத்தில் இருந்த கோடு இப்போது சுவருக்குப் போயிருந்தது. நான் தூங்குவதுபோல் கண்ணை இடுக்கிக்கொண்டு படுத்திருந்தேன். அன்று பிற்பகலுக்குள் அப்பா ஏழு முறை மீனுக்குத் தீனி போட்டார். ஏழு முறையும் அது அவருக்கு அன்றைய முதல் தடவை. ஒவ்வொரு முறையும் குனிந்து என் நெற்றியில் கை வைத்தார்.

ஏழாவது முறை "அடடா, சுடுதே," என்றபோது அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "என்னா கண்ணு, ரொம்ப வலிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன்.

காய்ச்சல் விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்காவின் ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரரை அப்பாவுக்குத் துணைக்கு உட்காரச் சொல்லியிருந்தேன். அக்கா வீட்டு வாசலில் முறத்தில் அவரைக்காய் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர். ஒடம்பு எளைச்சிருச்சே," என்றார். எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் மறந்துபோய் அவர் பக்கத்தில் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தீனி போட்டது அப்பாதாங்க்கா."

அவர் ஒரு காயை எடுத்து நார் உரித்தார். "தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போடறாருன்னு பாத்துக்கிட்டேதான் இருப்பேன். மொதல்ல ஒரு வாட்டி, ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்தேன். 'இப்பத்தான் போட்டீங்கப்பா'ன்னா அவரு மொகம் ஒரு மாதிரி ஆயிடுது. சின்னப்புள்ள திருடி மாட்டிக்கிட்டாப்பல. அப்பறம் எனக்கு மனசு வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னையும் தினம் எந்த ஊரும்மான்னு கேக்கறாரு. தினம் சொல்றேன். நீங்க வந்தா மட்டும் சரியாப் பேசறாரு. ஏதோ பிடிச்சு வெச்சுக்கிட்டு, உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பேசற மாதிரி இருக்கும். அவரு மறைக்கறதை நான் எப்படிப் போட்டு ஒடைக்கறது?" முறத்தைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீங்க கேட்டப்போ அவரு முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு டீச்சர். கண்ணை மூடியிருந்தாரு, அவ்வளவுதான்."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. மன்னிப்பு கேட்டேன். "அதை வுடுங்க," என்றார். ஆனால் சிறிது நேரம் கழித்து, காயை ஆய்ந்தபடியே, "எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இத்தினி வருசத்துல ஒரு வெங்காயத்தைக்கூடச் சொல்லாம எடுத்ததில்ல," என்றார். அவர் சொன்னதே நல்லது என்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வந்தார்.

தர்மபுரியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போனேன். கொஞ்சம் வயதானவர், அவசரப்படாமல் பேசினார்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமைங்க?"

அப்பா சுவரைப் பார்த்தார். "அதான் காலண்டர் மாட்டியிருக்கீங்களே டாக்டர்."

டாக்டர் சிரித்தார். தக்காளி நாற்று விடுவது பற்றிக் கேட்டார். எந்தப் பட்டத்துக்கு எந்த நாற்று, இலைச்சுருட்டைக்கு என்ன செய்வது, முதல் பறிப்பு எத்தனையாம் நாள், எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். ஜெபமாலைகூட ஒரு மணி தவறாமல் சொல்லுவார் என்று நான் சொன்னேன். டாக்டர் தலையசைத்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டத்தை அழகாகப் போட்டார். எண்கள் பன்னிரண்டையும் ஒரே பக்கமாக நெருக்கி எழுதினார். மறு பாதி வெறுமையாக இருந்தது. வரைந்து முடித்துவிட்டுச் சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"வேகத்தைக் குறைக்கலாம்மா. போனதைத் திருப்ப முடியாது," என்று என்னைத் தனியாக அழைத்து டாக்டர் சொன்னார். "அவரைத் திருத்திக்கிட்டே இருக்காதீங்க. அவர் கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்."

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். வழியில் ஒரு தோட்டத்தைப் பார்த்து, "சொட்டு நீர் நல்லா இழுத்திருக்கான்," என்றார். வெயில் அவர் முகத்தில் மரநிழலோடு மாறி மாறி விழுந்தது. நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். சின்ன வயதில் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது அப்படிச் சாய்ந்து வந்திருக்கிறேன்.

டப்பாவைப் பூட்டி வைத்தேன். பூட்டிய முதல் நாள் அப்பா அலமாரியின் முன்னால் மணிக்கணக்காக நின்று தேடினார் என்று அக்கா சொன்னார். அது தாங்க முடியவில்லை. அப்புறம் அக்காவே ஒரு வழி சொன்னார். "கோழி வாங்கி வுடுங்க டீச்சர். எத்தினி வாட்டி போட்டாலும் திங்கும். பாசியும் புடிக்காது."

நாலு கோழி வாங்கினோம். பின்கட்டு வாசலில் ஒரு வாளி நிறையக் கம்பு. அப்பா கைநிறைய அள்ளி வீசுவார், கோழிகள் சிறகடித்து ஓடிவரும். கொஞ்ச நேரத்தில் "அடடா, கோழிக்கு ஒண்ணும் போடலையே" என்று மறுபடி எழுந்து போவார். யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கோழிகள் கொழுத்து நடக்க முடியாமல் நடந்தன.

மீனை அவரிடமிருந்து முழுசாகப் பிரிக்கவும் எனக்கு மனமில்லை. குங்குமச் சிமிழ் அளவு ஒரு சின்ன டப்பாவில் தினமும் காலை எட்டுப் பத்துத் தீனி மணிகளை மட்டும் போட்டு, பழைய டப்பா இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவேன். நடுப்பகலில் அதைத் தூவுவார். அடுத்த தடவை எடுத்துத் திறந்தால் காலியாக இருக்கும். "போட்டாச்சு போல," என்று மூடி வைத்துவிடுவார் என்று அக்கா சொன்னார். காலி டப்பா சொன்னால் அவர் முகம் மாறுவதில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் பழையபடி குழாயோடு உட்கார்ந்தோம். சிவப்பை உறிஞ்சி எடுத்தோம், புது உப்புத் தண்ணீர் ஊற்றினோம். முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் அதன் நிறம் மங்கியது. குமிழ்கள் குறைந்தன. போர்வை அங்கங்கே கிழிந்து, ஓரங்கள் உயர்ந்து, மோட்டார் ஓட்டத்தில் தானாகவே கழன்று போயிற்று. ஒரு மாலை நான் வந்து பார்த்தபோது மணலில் மீன் ஒன்று வாலால் தட்டித் தட்டிக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நாளாக அது இறங்கியதே இல்லை. பவளத்தில் பாதி போய்விட்டது, தோல் மாதிரி இருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. மீதிப் பாதி, அடியில் சின்னச் சின்ன மொட்டுகளாகத் துளிர்த்தது. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "என்ன செஞ்சீங்க டீச்சர்?" என்று கேட்டார். சாப்பாடுதான் காரணம், நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி என்று மட்டும் எழுதினேன்.

பாறைக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில், இன்னும் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. அதிகமும் ஆகவில்லை, குறையவும் இல்லை.

அப்பா இப்போது பேசுவது குறைந்துவிட்டது. சில நாள் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொள்கிறார், அந்த அத்தையின் விளையாட்டுக் கதைகளை என்னிடமே சொல்கிறார். எனக்குத் தெரியாத கதைகள் அவை. நானும் "ஆமாண்ணா" என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அவர் நேராகத் தொட்டிக்குப் போனார். வெளியே தூறல் போட்டிருந்தது. கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து நின்றார். உள்ளே பவளத்தின் கைகள் மூடித் திறந்துகொண்டிருந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இது எந்த ஊரு பாப்பா?"

"கடலுங்கப்பா."

"ஓ." கொஞ்ச நேரம் பார்த்தார். "நாம எப்ப வந்தோம்?"

"இப்பத்தான் வந்தோம்."

"சாயங்காலம் பஸ் இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா. நெறைய நேரம் இருக்குது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். நீல வெளிச்சம் அவர் வெள்ளை வேட்டியில் அசைந்துகொண்டிருந்தது. அவசரம் எதுவும் இல்லாமல் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.